ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர்க்காரன். என்னுடைய 2.4 லிட்டர் பெட்ரோல் காருக்குப் பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப் ஒன்றில் எல்.பி.ஜி. கிட் போட்டேன். நாலே மாதத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு) போயிருக்கும் என்கிறார் உள்ளூர் மெக்கானிக். கிட் போட்டவரோ, "கூலன்ட் பார்க்காம ஓட்டினா நான் என்ன பண்ண?" என்று என் மகன் முன்னாலேயே கத்தினார். ஆர்.சி.யில் கிட்டை இன்னும் ஏற்றவில்லை. அவரைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும்.

பதில்: அவர் கத்தியதை விடுங்கள், அதற்கு நஷ்டஈடு கிடைக்காது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எந்த வழியாகக் கசிந்து போனது என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது.

கேஸை ஆவியாக்கும் ரெட்யூசருக்கு எஞ்சினின் சூடான கூலன்ட் வேண்டும். அதற்காக ஹீட்டர் ஹோஸை வெட்டி டி-ஜாயின்ட் போடுவார்கள். அங்கே கசிந்திருந்தால் அவர் பொறுப்பு. பழைய ரேடியேட்டரிலோ வாட்டர் பம்பிலோ கசிந்திருந்தால் உங்கள் பாடு.

இந்தச் சாட்சி இன்னும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. கசிந்த இடத்தில் கூலன்ட் காய்ந்து கிளிப்பைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி ஒட்டியிருக்கும். மெக்கானிக் துணியால் ஒரு துடை துடைத்தால் போச்சு. என்னிடம் வந்த பலர் விழுந்தது இங்கேதான். அவசரத்துக்கு வேறு இடத்தில் ரிப்பேர் பார்த்து, பழைய ஹோஸும் கேஸ்கெட்டும் குப்பைக்குப் போன பிறகு பில்லோடு வருவார்கள். பில் செலவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதனால் ஹெட்டில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். பானெட்டைத் திறந்து வீடியோ எடுங்கள். வண்டிச் சேதத்தை மதிப்பிடும் லைசென்ஸ் உள்ள சர்வேயரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வழக்கு போட்டால் வண்டியைப் பார்த்து அறிக்கை தர நிபுணர் கமிஷனரைக் கேட்டு மனு கொடுக்கலாம், ஆனால் அதுவரை வண்டி அசையாமல் நிற்க வேண்டும்.

அடுத்த ஆபத்து, டெம்பரேச்சர் முள் ஏறிய பிறகும் ஓட்டினீர்களா என்ற கேள்வி. வீடு பக்கம்தானே என்று ஓட்டியிருந்தால் நஷ்டத்தில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். கோபத்தில் வாட்ஸ்அப்பில் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆர்.சி. விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி கிட் போட்டதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். உங்கள் புகார் மனுவே அதைச் செய்யவில்லை என்ற ஒப்புதலாகிவிடும். கிட்டின் அங்கீகாரச் சான்று 2.4 லிட்டர் எஞ்சினுக்குப் பொருந்துகிறதா என்று உடனே பாருங்கள். அங்கீகாரமே இல்லாத கிட் என்றால் 182ஏ(4)-ன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அது வண்டி உரிமையாளருக்கு, அதாவது உங்களுக்கு. இன்சூரன்ஸுக்கும் சொல்லாமல் ஓட்டியிருந்தால் நாளை ஒரு விபத்தில் கிளெய்ம் சிக்கலாகும், குடும்பமே அடிபடும்.

பாலக்காடு நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனாலும் சர்வேயர் அறிக்கையோடு நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பாதிச் செலவை ஏற்கிறேன் என்று அவர் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகே 'இனி பாக்கி இல்லை' என்று கையெழுத்துப் போடுங்கள்.