காட்டு வாசலில் ஆள் தேவை

கேள்வி: வங்கியில் காசாளராகச் சேர்ந்து கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். வயது 61. திருவான்மியூரில் குடியிருக்கிறேன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம். இனியாவது காட்டுக்கும் கடலுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. சில வனத்துறை அலுவலகங்களுக்கு 'எந்தச் சேவைக்கும் தயார்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. ஒரு நிறுவனம் நடத்திய கடற்கரைத் துப்புரவுக்குப் போனேன். பேனர், டி-ஷர்ட், போட்டோ, டிபன். குப்பை பொறுக்கியது அரை மணி நேரம் இருந்தால் அதிகம். வெறுத்துப் போய்த் திரும்பினேன். இப்போது முதுமலைப் பக்கம் ஐந்து நாள் தங்கி 'வன சேவை' செய்யலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டணம் 18,000 ரூபாய். போகலாமா? மனைவியோ, "இந்த முழங்காலை வைத்துக்கொண்டு காட்டில் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்கிறார். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறதா?

— வாசகர், சென்னை-41

பதில்: சார், உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. முழங்கால் நன்றாக இருந்தாலும் அதே கேள்விதான். காட்டுக்கு உள்ளே உங்களுக்கும் எனக்கும் பெரிதாக வேலை ஒன்றும் கிடையாது. யானைக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அதன் வழியில் போய் நிற்காமல் இருப்பது. உள்ளே ரோந்து போகிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். அவர்களில் நிறையப் பேர் அந்தந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி மக்கள். காற்றில் வாசனை பிடித்தே யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அவர்களோடு நாம் ஒருவர் சேர்ந்து நடந்தால், நம்மையும் சேர்த்துக் காப்பாற்றும் வேலைதான் அவர்களுக்குக் கூடும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியாட்களை உள்ளே விட அதிகாரிகள் தயங்குகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் காட்டைக் கெடுப்பதும் கடற்கரையைக் கெடுப்பதும் மனிதர்கள்தானே? அவர்கள் வந்து போகிற இடம் காட்டின் வாசல். செக்போஸ்ட், கோயில் பாதை, ஆற்றுப் படித்துறை, கடற்கரையோர அப்பார்ட்மெண்ட். ஆள் பற்றாக்குறை அங்கேதான். முப்பது வருஷத்துக்கு மேல் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து மனிதர்களைச் சமாளித்தவருக்கு அங்கே வேலை இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கும்?

முதலில் அந்த 18,000 ரூபாய். சுற்றுலாவாக நினைத்துக் கொடுப்பதானால் தாராளமாகக் கொடுங்கள், நானும் தடுக்க மாட்டேன். சேவை என்று நினைத்தால் மட்டும் அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இந்த வாரம் யாருமே வராவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்?" பதில் மழுப்பலாக வந்தால் அது ரிசார்ட். வனத்துறையின் எழுத்துபூர்வமான அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சங்கடப்பட வேண்டாம். பணமாக உதவ வேண்டும் என்றால் நம் புலிகள் காப்பகங்களுக்குச் சட்டப்படி அமைந்த அறக்கட்டளைகள் இருக்கின்றன. காவலர்களுக்கு ஷூ, மழைக்கோட்டு, டார்ச் லைட் என்று எது தேவை என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். ரசீதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் வீட்டுப் பக்கம் வருவோம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், உங்கள் தெருவுக்குக் கிழக்கே மணலில் ஒரு கூட்டம் நடந்து போகிறது. நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர். எஸ்.எஸ்.டி.சி.என். என்கிற, 1988-ல் மாணவர்கள் ஆரம்பித்த கடலாமைப் பாதுகாப்புக் குழு அது. மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்வார்களே, அந்த ஆமை முட்டையிட வரும் பருவம். மணலில் ட்ராக்டர் சக்கரம் போனது போல ஒரு தடம் கடலிலிருந்து ஏறி, கொஞ்சம் தள்ளி இன்னொரு தடமாக இறங்கும். இரண்டும் சேருகிற இடத்தில், தடியை வைத்து மணலை மெதுவாகக் குத்திப் பார்ப்பார்கள். கெட்டி மணலில் தடி நிற்கும். கூடு இருக்கும் இடத்தில் பொசுக்கென்று உள்ளே இறங்கும். அதற்கப்புறம் தடிக்கு வேலை இல்லை, கைதான். ஒன்றரை அடி ஆழத்தில், பானை வடிவக் குழியில், நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். சில மணி நேரத்துக்குள் எடுத்து, உருட்டாமல் குலுக்காமல் கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி தோண்டிப் பொரிப்பகத்தில் புதைக்க வேண்டும். நேரம் கடந்தால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது புரட்டினால் செத்துவிடும். பொரிய ஏறக்குறைய ஒன்றரை மாதம். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது. சூடு கூடினால் பெண்.

இதையெல்லாம் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் செய்வார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமைக்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. அனுமதி இல்லாமல் நாம் முட்டையைத் தொட்டாலே குற்றம். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துப் போவார்கள். ஒருமுறை மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஏழு கிலோமீட்டர் ஈர மணல் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள், வெட்கம் ஒன்றும் இல்லை.

ஏனென்றால் உங்களுக்கான வேலை அந்த நடையில் இல்லை. குஞ்சுகளைக் கடலில் விடும் சாயங்காலங்களில் பெசன்ட் நகரில் கூட்டம் திமுதிமுவென்று வரும். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தோடு. குஞ்சுகளோ கடல் பக்கத்து வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புடையவை. பின்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் திரும்பி நம் காலடிக்கே வந்துவிடும். அங்கே கயிற்றைப் பிடித்து நின்று, "சார், லைட்டை ஆஃப் பண்ணுங்க. அம்மா, ஓரடி பின்னால வாங்க" என்று ஒரே வாக்கியத்தை ஒரு மணி நேரம் கோபப்படாமல் சொல்ல ஆள் வேண்டும். இருபது வயதுப் பையன் சொன்னால் கேட்காதவர்கள் நரைத்த தலை சொன்னால் கேட்பார்கள். நம் ஊர் அப்படி.

அதைவிடப் பெரிய வேலை உங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. கடலைப் பார்த்த கட்டடங்களின் விளக்குகள் தாய் ஆமையையும் கரையேற விடாமல் விரட்டும், குஞ்சுகளையும் ரோட்டுப் பக்கம் இழுக்கும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் கடலோர விளக்குகளை அணைக்கவோ மறைப்பு போடவோ ஒரு அசோசியேஷனைச் சம்மதிக்க வைக்க முடிந்தால், அது எத்தனையோ இரவு நடைக்குச் சமம். மாணவர்களால் அது ஆகாது. செக்யூரிட்டி கேட்டுக்கு உள்ளேயே விட மாட்டார்.

கணக்குப் பிள்ளை வேலையும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இப்படி ஒதுங்குகிற ஒவ்வொன்றையும் இடம், தேதி, நீளம், ஆணா பெண்ணா, காயம் என்று குறித்து, அதே உடலை மறுநாள் இன்னொருவர் திரும்ப எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்றத்தில் நின்று செய்கிற வேலை, போட்டோவுக்கு ஆகாது. ஆனால் மீன்வளத் துறையிடம் பேச உட்காரும்போது மேஜையில் வைக்க அந்த நோட்டுதான் இருக்கும்.

துப்புரவுப் பணியை ஒரேயடியாக வெறுத்துவிட வேண்டாம். பேனர் இல்லாமல் நாலு பேர், ஒரே இடம், மாதா மாதம் என்று செய்தால் அதற்கு மதிப்பு வேறு. ஒன்று மட்டும்: மணலில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியையும் ராவணன் மீசையையும் 'களை' என்று பிடுங்கிவிடாதீர்கள். மணல் மேட்டைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பதே அவைதான். நல்ல எண்ணத்தோடு செய்யும் கெடுதல்கள் இந்தத் துறையில் ஏராளம். சுனாமிக்கப்புறம் ஆமை ஏறும் மணலில் சவுக்கு நட்டார்கள். வேர் பின்னிய இடத்தில் ஆமையால் குழி தோண்ட முடியவில்லை. மலைப் புல்வெளியைப் பார்த்துவிட்டு 'பொட்டலாக இருக்கிறதே' என்று விதைப்பந்து வீசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். நீலகிரியில் அப்படி நட்ட சீகை மரங்கள் புல்வெளியை விழுங்கியதை இன்னும் வெட்டித் தீரவில்லை. அந்தந்த இடத்தை அறிந்தவர் யாராவது சொல்லாமல் ஒரு செடிகூட நடாதீர்கள்.

அப்புறம் காடு. அம்பாசமுத்திரத்துக்காரர் முதுமலைக்கு விண்ணப்பம் போடுவதைப் படித்துச் சிரித்துவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறை உங்கள் ஊர்க் கொல்லைப்புறத்தில் இருக்கிறது, 1988-லிருந்து. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சின்ன வயதில் போயிருப்பீர்கள். குடில் போட்டுத் தங்கியும் இருக்கலாம். கோயில் இருப்பது காப்பகத்துக்கு உள்ளே. அந்தச் சில நாட்களில் போகிற ஜனம், பை, பாட்டில், சோப்பு, ஷாம்பு பாக்கெட் எல்லாம் புலிக் காட்டு ஆற்றங்கரைக்குத்தான் போகிறது. பாபநாசம் செக்போஸ்ட்டில் நின்று பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொண்டு துணிப்பை கொடுப்பதற்கும், திருவிழா முடிந்து மிச்சத்தைப் பொறுக்குவதற்கும் ஆள் எத்தனை இருந்தாலும் போதாது. குலதெய்வத்துக்குப் போகிறவரிடம் பையைப் பிரித்துக் காட்டச் சொல்வது லேசான காரியமா? "நீங்க யாரு?" என்று கேட்பார்கள். "நானும் இந்த ஊர்க்காரன்தான்" என்று திருநெல்வேலித் தமிழில் சொல்ல உங்களால் முடியும். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற தன்னார்வலரால் முடியாது.

பாபநாசம் படித்துறையிலும் வேலை இருக்கிறது. பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகள் பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு, மண் ஏறி, இழுத்தால் வராது. நீர்நாய்கள் இருக்கிற ஆறு அது. துணியை இழுப்பது இளவட்டங்களின் வேலை. துணியைத் தண்ணீரில் விடாமல் கரையிலேயே போடச் சொல்வது உங்கள் வேலை.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? 2011-லிருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தெரியாதவர்களுக்கும் சொல்லிக் கொடுத்து, தெரிந்தவரோடு சேர்த்து ஒரு குளத்துக்கு அனுப்புவார்கள். புதிதாக வருகிறவர் கையில் பைனாகுலர் வேண்டாம், நோட்டு போதும். ஒருவர் பார்த்துச் சொல்ல ஒருவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் தப்பில்லாமல் எழுத வேண்டும். நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வித்தியாசம் ரெண்டு குளம் பார்த்தால் தானாக வந்துவிடும்.

கடைசியாக உங்கள் மின்னஞ்சல். 'எந்தச் சேவைக்கும் தயார்' என்று வந்தால் ரேஞ்சர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? உங்களுக்கு ஒரு வேலையைக் கண்டுபிடிப்பதே அவருக்கு ஒரு வேலை. அம்பாசமுத்திரம் கோட்டத் துணை இயக்குநருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: ஆடி அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் ஊரில் இருப்பேன், தங்க இடமும் சாப்பாடும் என் பொறுப்பு, செக்போஸ்ட் வேலைக்கும் பதிவேடு எழுதவும் வருகிறேன். கடிதத்தைத் திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆமைக் குழுவுக்கு நவம்பரிலேயே தகவல் சொல்லிவிடலாம்.

விளக்கு விஷயத்தையும் அசோசியேஷனின் அடுத்த கூட்ட அஜெண்டாவில் எழுத்தில் ஏற்றச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் எழுந்து வாயால் சொன்னால் பார்க்கிங் சண்டையில் அமுங்கிப் போகும்.