முதுகுத் தேய்மானமும் 6,500 வெள்ளிக் கட்டிலும்

கேள்வி: எனக்கு வயது 54. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்தேன். செம்பனை உதிரிப் பழம் பொறுக்கியே பாதி ஆயுசு போய்விட்டது. இப்போது டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். கழுத்திலும் இடுப்பிலும் ஓயாத வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "லேசான தேய்மானம்தான், பயப்படாதீர்கள்" என்றார். போன வாரம் ஒரு கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து, சூடு கொடுக்கும் மசாஜ் கட்டிலில் தினமும் படுத்தால் தேய்ந்த எலும்பு மறுபடி வளரும் என்றார். விலை 6,500 வெள்ளி (ரிங்கிட்). 500 வெள்ளி முன்பணம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மகனோ, கட்டில் வேண்டாம், இடுப்புப் பெல்ட்டும் கெட்டி மெத்தையும் போதும் என்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் காசைப் பார்ப்போம் அம்மா. அதற்குத்தான் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. வீடு தேடி வந்து விற்பவர்களுக்கு 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் நீங்கள் அதை ரத்து செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. போனில் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். "ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒரு நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கட்டிலை லாரியில் கொண்டுவந்தால் இறக்க விடாதீர்கள். இறக்கிவிட்டால் "பாவித்துவிட்டீர்களே" என்று பேச்சு மாறும்.

பணம் திரும்பவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். அங்கே வக்கீல் வைத்து வாதாட முடியாது, அதனால் கம்பெனி பெரியது என்று மலைக்க வேண்டாம்.

இப்போது கட்டில். தேய்ந்த எலும்பை வளர வைக்கும் கட்டில் எதுவும் கிடையாது. சூடு பட்டால் இறுகிய தசை கொஞ்சம் தளரும், வலி சற்றுக் குறையும், அவ்வளவுதான். சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றி வைத்தாலும் அதே சுகம் கிடைக்கும். மருத்துவக் கருவி என்று விற்றால், மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிந்த எண்ணைக் கேளுங்கள். எண் இருந்தாலும் விற்பவர் சொல்வதெல்லாம் உண்மை என்று ஆகிவிடாது.

உங்கள் டாக்டர் பயப்படாதீர்கள் என்றது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளில் வயதாக ஆக நீர்ச்சத்து குறையும், உயரம் இறங்கும். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். அதில் 50 வயதுக்காரர்களில் சுமார் 80 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் தெரிந்தது. எக்ஸ்ரேயில் தேய்மானம் இருப்பதாலேயே வலி தீராது என்று யாராவது சொன்னால், அவர் கையில் விற்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

மகன் சொல்லும் பெல்ட்டும் வேண்டாம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி வெளியிட்டது. இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, மின்துடிப்புக் கருவி ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது அது. உடற்பயிற்சியை ஆதரிக்கிறது. கழுத்துப் பட்டையை மாதக் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் கழுத்துத் தசைதான் பலமிழக்கும்.

மெத்தையில் மகன் பாதி சரி. கல் மாதிரி இருக்க வேண்டும் என்று நம் ஆட்கள் தரையில் பாய் விரித்தே படுப்பார்கள். 2003இல் ஸ்பெயினில் 313 இடுப்பு வலிக்காரர்களை வைத்துச் சோதித்தபோது, மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டிதான் அதிகப் பலன் தந்தது. பழைய மெத்தை நடுவில் குழிந்திருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் அந்தக் காசும் மிச்சம். தலையணை, கழுத்து மேலேயும் தூக்காமல் கீழேயும் தொங்காமல் இருந்தால் போதும்.

செலவில்லாத வழி அரசாங்க கிளினிக்தான். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். அங்கே கற்றுத் தரும் பயிற்சியை வீட்டில் விடாமல் செய்வதில்தான் பலன் இருக்கிறது, அதுவும் வாரக் கணக்கில். காலையில் வெயில் ஏறும்முன் நடங்கள். வலி என்று நாள் முழுக்கப் படுத்தே கிடக்காதீர்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, பொத்தான் போட முடியாமல் விரல் தடுமாறினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு 67 வயது, பால்மரம் சீவியவர். முதுகு வலிக்குப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு ஜாமு (மூலிகை) மாத்திரை வாங்குகிறார். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது! இப்போது முகம் உப்பியிருக்கிறது. தொடரலாமா?

பதில்: இரண்டே நாளில் பறந்தது என்பதுதான் எனக்குச் சந்தேகம். முதுகு, மூட்டு வலிக்கு விற்கும் இப்படிப்பட்ட ஜாமுக்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் முகம் வீங்கும், இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பே மெலியும்.

பதிவான பாரம்பரிய மருந்தின் பெட்டியில் "மால்" (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கங்களுக்குப் பிறகு "டி" (T) எழுத்தில் முடியும் எண்ணும், ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம். ஆனால் மாதக் கணக்கில் சாப்பிட்டிருந்தால் இன்றே நிறுத்து என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்தாகலாம். நாளைக் காலையிலேயே மாமனாரைக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள், மருந்துப் பெட்டியையும் கையோடு கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.