காரைக்குடியில் பலகாரக் கடை நடத்துகிறேன். டிசம்பர் ஆர்டர் நெரிசலில் செபிக்கவும் நேரமில்லை. விசுவாசம் இந்த ஓட்டத்தைக் குறைக்குமா?

தானாகக் குறைக்காது, அடுப்பை நீங்கள்தான் அணைக்க வேண்டும்.

விவிலியத்தின் விடுதலைப் பயணம் நூலில் 20-ஆம் அதிகாரத்தில் உள்ள ஓய்வுநாள் கட்டளையை முழுதாக வாசியுங்கள். அது வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, வேலையாட்களுக்கும் கால்நடைகளுக்கும் ஓய்வு கேட்கிறது. மனகோலம் பிழிகிற, சீப்புச் சீடை சுருட்டுகிற பெண்களை ஞாயிறன்றும் வரச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் பூசையில் கண்மூடி அமர்ந்தால், அது ஓய்வுநாள் ஆகாது. இந்தப் பகுதியைப் பலரும் வசதியாகத் தாண்டிவிடுகிறோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலம் காத்திருப்பதற்கென்றே ஏற்பட்டது. பலகாரக்காரருக்கோ அதுதான் உச்ச வியாபாரம்! ஆகவே, ‘இவ்வளவுதான் முடியும்’ என்று நவம்பரிலேயே ஆர்டரை நிறுத்திவிடுங்கள். வருமானம் கொஞ்சம் குறையும்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அன்றாடத்துக்கு மூவேளைச் செபம் போதும்: காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு. சில நிமிடங்களே ஆகும். நண்பகலில் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டுச் சொல்லுங்கள். அப்போது கைப்பேசி அடித்தால் எடுக்காதீர்கள். பன்னிரண்டே காலுக்குத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம்.