பழைய சான் ஸ்டார்முக்கு டக்டெயில்: படகுக்காரரிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

கேள்வி: 2002 மாடல் சான் ஸ்டார்ம் கார் வைத்திருக்கிறேன், பிஒய் 01 என்ற பாண்டி நம்பர். டிக்கி மூடியின் பின் ஓரத்தை டக்டெயில் (வாத்து வால்) போலத் தூக்கி, பின் மட்கார்டுகளை இருபுறமும் இரண்டு அங்குலம் அகலப்படுத்த ஆசை. தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு வேலை செய்பவர் ஐந்து நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஆர்சியில் மாற்றத்தைப் பதிய ஒரு புரோக்கர் 25,000 ரூபாய் கேட்கிறார். தொடங்கலாமா? – ஒரு வாசகர், கடலூர் முதுநகர்.

பதில்: டக்டெயில் செய்யலாம். ஆனால் இப்போது வண்டியில் இருக்கும் மூடியில் கிரைண்டர் படக் கூடாது. மட்கார்டு யோசனையை விட்டுவிடுங்கள். புரோக்கருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கோவாவில் தயாரான இந்த வண்டியின் உடல் ஃபைபர். தயாரிப்பு நின்று பல வருடமாகிறது. மூடியைக் கெடுத்துக்கொண்டால் கடையில் போய் வேறொன்று வாங்க முடியாது. படகுக்காரருக்கு ஃபைபர் தெரியும், சந்தேகமில்லை. அவருடைய கை அச்சில் வார்க்கப் பழகிய கை. வண்டி மேலேயே ஒட்டி, தேய்த்து, பட்டி வைத்துச் சமன் செய்யச் சொன்னால் படகுக்குப் போடுகிற கனத்தையே போடுவார். மூன்று மில்லிமீட்டர் ஃபைபர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு நாலரை கிலோ வரும், ஆறு மில்லிமீட்டர் என்றால் ஒன்பது கிலோ. அந்தக் கனத்தில் கீல் இருக்கும் இடத்தில் விரிசல் விடும், மூடி கையை விட்டதும் விழும்.

அதனால் அவருக்குத் தெரிந்த வேலையை மட்டும் கொடுங்கள். பழைய மூடியைக் கழற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் இரண்டாவது மூடி வார்க்கச் சொல்லுங்கள். டக்டெயில் அந்தப் புது மூடியில் வரட்டும். பழையது துணி சுற்றி வீட்டில் இருக்கட்டும்.

அச்சு எடுக்கும் முன், அச்சு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மூடிக்கு மோல்டு வேக்ஸ் (மெழுகு) ஆறு முதல் எட்டுக் கோட். ஒவ்வொரு கோட்டையும் காயவிட்டுத் துடைத்த பிறகே அடுத்தது. அதன் மேல் பிவிஏ என்கிற, அச்சு எளிதாகக் கழல உதவும் திரவத்தைப் பூச வேண்டும். மறு பெயின்ட் அடித்து சில வாரமே ஆன மூடியென்றால் காத்திருங்கள், அச்சோடு பெயின்டும் உரிந்து வந்துவிடும். மூடியின் ஓரம் உள்பக்கம் மடிந்திருந்தால் ஒரே துண்டு அச்சு கழன்று வராது. இரண்டு துண்டாகப் பிரித்து போல்ட் போட வேண்டும். இதைச் செய்யாமல் உளியால் நெம்புகிறவர்களிடம்தான் நல்ல மூடிகள் உடைகின்றன.

புது மூடிக்கு ஜெல்கோட் (வெளிப்பக்க மேல்பூச்சு) அரை மில்லிமீட்டர், பிறகு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒன்று. அது இறுகிய பிறகு 450 கிராம் மேட் இரண்டு. மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் (பிசின்), அதாவது சதுர மீட்டருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ. சாதாரண ரெசின் வேண்டாம், ஐசோ ரெசின் கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் மேல்தோல் சூட்டில் சாதாரண ரெசின் தளர்ந்து, மேட்டின் நார் பெயின்டுக்கு மேல் தெரியத் தொடங்கும்.

டக்டெயிலின் உள்வடிவத்துக்குத் தெர்மகோல் வைக்கவே கூடாது. ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். கெட்டி பியூ ஃபோம் வாங்கி, ஹேக்ஸா பிளேடால் அறுத்து, உப்புத்தாளால் வடிவம் கொண்டுவந்து ஒட்டுங்கள். மேலே 300 கிராம் மேட் இரண்டு அடுக்கு. அது ஃபோமைத் தாண்டி மூடியின் மேல் ஐந்து சென்டிமீட்டராவது ஏற வேண்டும். அந்த இடத்தை 60 அல்லது 80 நம்பர் தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்திருக்க வேண்டும். பட்டி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

ரெசினை இறுக வைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் கிலோவுக்குப் பத்து கிராம். மே மாத வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதென்று அதையும் பாதியாகக் குறைப்பார்கள். குறைத்த ரெசின் ஆயுசுக்கும் முழுதாக இறுகாது. காலை எட்டு மணிக்குள் வேலையை முடிப்பதுதான் வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம், ஈரம் குடித்த மேட் வெளுத்துப்போய் ஒட்டாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாகக் கலக்கும் பட்டறையென்றால், முதலில் ரெசினில் கோபால்ட்டை முழுதாகக் கலந்துவிட்டுப் பிறகே கேட்டலிஸ்ட். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும், தீப்பிடிக்கும். ஐந்து நாள் கணக்கும் சரியில்லை. பெயின்டுக்கு முன் புது மூடி இரண்டு வாரமாவது வெயிலில் கிடக்க வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் பழைய மூடியில் கை வைக்கலாம். அது ஏற்கெனவே உடைந்திருந்தால். ஜெல்கோட்டில் மயிரிழைக் கோடு ஓடினால் அது உடைந்ததாகாது, அதைத் தேய்த்துப் பூசினால் போதும். பின்பக்கம் விரலால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் தகடு நன்றாக இருக்கிறது, பொத்தென்று கேட்டால் அடுக்கு பிரிந்திருக்கிறது. பிரிந்திருந்தால் விரிசலின் இருபுறமும் தகட்டின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரம் சரிவாகத் தேய்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தகட்டுக்கு முப்பத்தாறு மில்லிமீட்டர். பின்பக்கம் ஒரு மேட், முன்பக்கம் சரிவை நிரப்பும் அளவுக்கு மேட். பழைய ஃபைபரோடு ஒட்ட வினைல் எஸ்டர் ரெசின் நல்லது. முன்பு யாராவது எபாக்ஸியால் ஒட்டியிருந்தால், அதன் மேல் பாலியஸ்டர் (சாதாரண, ஐசோ ரெசின்கள்) பிடிக்காது, எபாக்ஸியையே மறுபடி போடுங்கள். பெயின்ட் ரிமூவர் தடவ விடாதீர்கள், பழைய ரெசினையும் சேர்த்துத் தின்றுவிடும். இப்படிப் பழுது பார்த்த மூடியிலேயே டக்டெயிலும் ஏற்றலாம், அச்சு தேவையில்லை.

இனி புரோக்கர். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் தந்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியின் 'அடிப்படை அம்சம்' மாறினால்தான் மாற்றம் என்கிறது அதே சட்டம். எது அடிப்படை என்று ஆய்வாளரும் வண்டிக்காரரும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய பட்டியல் ஒன்றைப் போட இத்தனை வருடத்தில் யாருக்கும் கை வரவில்லை. அந்த இருட்டில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். அகல மட்கார்டு வண்டியின் அகலத்தையே மாற்றும், அதை நியாயப்படுத்த வழியில்லை. டக்டெயிலை எடுக்கும்படி ஆய்வாளர் சொன்னால் பழைய மூடியை அரை மணியில் மாட்டிவிடலாம். பெயின்ட் மட்டும் ஆர்சியில் உள்ள அதே நிறமாக இருக்கட்டும்.

25,000 ரூபாய்க்கு அவர் பதிந்து தரக்கூடியது எதுவும் இல்லை. அசல் ஆர்சியைக் கொடுக்காதீர்கள். ஃபாரம் 29, 30 இரண்டும் பெயர் மாற்றப் படிவங்கள், வெறுமனே கையெழுத்துப் போட்டுத் தந்தால் வண்டியே கை மாறிவிடும். 'பாண்டி நம்பர்தானே' என்பதும் செல்லாது. பாண்டி எல்லையான முள்ளோடையைத் தாண்டிக் கடலூரில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால், 47-ஆம் பிரிவின்படி தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றியாக வேண்டும். 2002 வண்டிக்கு 2017-லும் 2022-லும் ஆர்சி புதுப்பிப்பு முடிந்திருக்க வேண்டும், அடுத்தது 2027. எம்பரிவாகன் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மூடியைக் கழற்றும்போது நம்பர் பிளேட் விளக்கு போன்றவற்றின் ஒயர்களையும் கழற்ற நேரிட்டால், எர்த் ஒயரில் கவனம் வையுங்கள். ஃபைபர் மின்சாரம் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் சேசிஸ் வரை போக வேண்டும். கடலூர் உப்புக் காற்றில் அந்த முனைகள் பச்சை பூத்துவிடும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மின்னினால், பல்பை மாற்றாமல் முதலில் அந்த முனையைத் தேய்த்து கிரீஸ் தடவுங்கள்.