சமன் செய்யப்பட்ட விசைகள் செயல்படும் பொருள் எப்போதும் ஓய்வில்தான் இருக்குமா?

இல்லை. ஓய்விலும் இருக்கலாம், நேர்கோட்டில் மாறாத வேகத்துடன் சென்றுகொண்டும் இருக்கலாம். தொகுபயன் விசை, அதாவது எல்லா விசைகளும் சேர்ந்து தரும் நிகர விசை, சுழி என்றால் திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்) மாறாது என்றுதான் பொருளே தவிர, திசைவேகமே சுழி என்று பொருளல்ல.

நீங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவராகவோ அந்த வயதுப் பிள்ளையின் பெற்றோராகவோ இருக்க வேண்டும். கைடில் ‘ஓய்வில் இருக்கும்’ என்று மட்டும் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். மும்பை செம்பூரில் எங்களுடன் வசிக்கும் என் அக்கா மகள் இதே கேள்விக்கு இரண்டு நிலைகளையும் சேர்த்து எழுதிவிட்டு வந்தாள். சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். பள்ளிக்குச் சென்று கேட்டபோது ஆசிரியை விடைக்குறிப்பைத்தான் காட்டினார். நான் விரித்துக் காட்டிய பாடநூலைப் பார்க்கவும் அவர் விரும்பவில்லை. ஒரு மதிப்பெண்ணுக்காக இவ்வளவு தூரம் போவதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சரியாகப் புரிந்துகொண்ட பெண் தன் புரிதலையே சந்தேகிக்கத் தொடங்கியதுதான் என்னால் பொறுக்க முடியாமற்போனது.

அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் தொடங்குவதற்கு முன்பே அவளை அழைத்துக்கொண்டு ஹார்பர் லைன் புறநகர் ரயில் பாதையில் வாஷிக்குப் போகும் வண்டியில் ஏறினேன். மான்கூர்டு விட்டால் தாணே கழிமுகத்தின் மேலுள்ள பாலத்தைக் கடந்து வாஷி வரும்வரை நிறுத்தமே கிடையாது என்பதால், வண்டி நெடுநேரம் ஒரே சீராக ஓடும். வீட்டுச் சாவிக்கொத்தை ஒரு நூலில் கட்டி அவள் கையில் கொடுத்தேன். மான்கூர்டில் வண்டி கிளம்பி வேகமெடுக்கும்போது சாவி பின்பக்கம் சாய்ந்தது. பாலத்தின் மேல் வேகம் நிலைப்பட்டதும், சற்றே நடுங்கினாலும், நேர்க்குத்தாகத் தொங்கியது. “சித்தி, வண்டி ஓடுவதே சாவிக்குத் தெரியவில்லை” என்றாள். அதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது. 100 கிராம் சாவிக்கொத்தைப் புவி ஏறத்தாழ 1 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கிறது. நூலும் அதே அளவு மேலே இழுக்கிறது. வண்டி நிலையத்தில் நின்றபோதும் பாலத்தில் விரைந்தபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. வாஷியை நெருங்கி பிரேக் பிடித்ததும் சாவி முன்பக்கம் சாய்ந்தது. அப்போது சாய்ந்த நூலின் இழுவிசையில் ஒரு பகுதி பின்னோக்கிச் செயல்பட்டது. சமன் செய்யப்படாத அந்தப் பகுதிதான் வண்டியோடு சேர்த்துச் சாவியின் வேகத்தையும் குறைத்தது.

வண்டிக்குள் இருப்பவருக்குப் போலி விசை (வண்டியின் வேகம் மாறும்போது தள்ளுவதுபோல் தோன்றும் விசை) உண்டே என்று பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தரையில் நிற்பவரின் பார்வையில் பேசுகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு அதுவே போதும். தண்டவாளத்தில் எந்த வண்டியும் துல்லியமான சீர்வேகத்தில் ஓடாது என்பதையும் அறிவேன்.

பொருள் நகர்ந்துகொண்டிருக்க விசை தொடர்ந்து வேண்டும் என்ற எண்ணம் நம்மை விடாததற்குக் காரணம் உராய்வுதான். ஓர் இரும்புப் பெட்டியைத் தரையில் சீரான வேகத்தில் தள்ளிக்கொண்டு போகிறோம். நாம் கொடுப்பது 50 நியூட்டன் என்றால் உராய்வு விசையும் எதிர்த்திசையில் 50 நியூட்டன்தான். பெட்டி நகர்கிறது, ஆனால் விசைகள் சமன்பட்டே இருக்கின்றன. கையை எடுத்ததும் உராய்வு மட்டும் எஞ்சி, சமன் செய்யப்படாத விசையாகிப் பெட்டியை நிறுத்துகிறது. விசை தீர்ந்துபோனதால் பெட்டி நின்றுவிட்டது என்று நாம் தவறாக எண்ணிக்கொள்கிறோம். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து நிலவிய இந்த எண்ணத்தைக் கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி அசைத்தார். 1687-இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதி, ஓய்வையும் நேர்கோட்டுச் சீரியக்கத்தையும் ஒரே வரிசையில் வைத்தது.

திசையையும் மறக்கக் கூடாது. வேகம் மாறாமல் வளைவில் திரும்பும் வண்டியின் மீது செயல்படும் விசைகள் சமன்பட்டவை அல்ல. திசை மாறினாலே திசைவேகம் மாறிவிடுகிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அடுத்து இங்கேதான் சறுக்குவார்கள். மேசைமேல் உள்ள புத்தகத்தின் எடையும் மேசை அதை மேலே தாங்கும் விசையும் சமன்பட்டவை. இரண்டும் புத்தகத்தின் மீதே செயல்படுகின்றன. பல கைடுகள் இவற்றையே வினை, எதிர்வினை என்று எழுதுகின்றன. புவி புத்தகத்தை இழுப்பதற்கு எதிர்வினை, புத்தகம் புவியை இழுப்பதுதான். அது புவியின் மீது செயல்படுவதால் புத்தகத்தின் கணக்கில் வராது. ஆகவே படம் வரையும்போது, எடுத்துக்கொண்ட பொருளின் மீது செயல்படும் விசைகளுக்கு மட்டுமே அம்புக்குறி போடுங்கள்.