விழுந்த கற்கள் எங்கே போயின?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் மொரீசியஸில் பிளாக் மாவட்டத்துக்காரன், வயது இருபத்திரண்டு. தமிழ் பள்ளியில் படித்ததோடு சரி, பிழை இருந்தால் மன்னிக்கவும். கணினியில் நிலக்காட்சிப் படங்கள் செய்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கரும்புக் கொல்லைக்கு நடுவே ஒரு பழைய சர்க்கரை ஆலை இடிந்து நிற்கிறது. எண்கோணப் புகைபோக்கியும் ஒரு சுவரும்தான் மிச்சம். அதை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கல்லுக்கு மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் படங்களிலிருந்து டெக்ஸ்சர் (மேலே போர்த்தும் மேற்பரப்புப் படம்) எடுத்தேன், இரண்டும் கருங்கல்தானே. சுவரை செல் ஃபிராக்சர் என்ற உடைக்கும் கருவியால் உடைத்துக் கீழே விழவிட்டேன். விளிம்புகளைத் தேய்த்து, வடக்கு முகத்தில் பாசியும் போட்டேன். ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் விளையாட்டில் வரும் கோட்டை மாதிரி இருக்கிறது என்கிறார்கள். மேடுபள்ளம் காட்டும் டிஸ்பிளேஸ்மென்ட் அளவைக் கூட்டினால் சரியாகுமா? இன்னும் நுணுக்கமான 8கே டெக்ஸ்சர் வாங்க வேண்டுமா? பாசி பச்சைப் பெயின்ட் போலத் தெரியாமலிருக்க என்ன செய்வது?

உங்கள் தம்பி
(பெயரை வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உன் படத்தைத் திறந்ததுமே எந்த ஆலை என்று தெரிந்துவிட்டது. அந்தப் புகைபோக்கியின் உச்சிக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் முளைத்த ஆலங்கன்று ஒன்று உண்டு. அதை நீ விடாமல் வைத்திருக்கிறாய். ஒரு மாதமாக நான் நினைத்துக்கொண்டிருப்பதும் இதே ஆலையைத்தான், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. தமிழில் எழுதும்போது மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதே. உன் கடிதத்தில் இரண்டே பிழைகள் இருந்தன, திருத்திவிட்டேன். வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் படித்து, அதற்கு மேல் தமிழில் ஒரு முழுக் கடிதம் எழுதுகிற பிள்ளை யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. இனி திட்ட வேண்டியதைத் திட்டுகிறேன்.

'இரண்டும் கருங்கல்தானே' என்று எழுதியிருக்கிறாய். இல்லை. தமிழ்நாட்டில் கருங்கல் என்றால் கிரானைட் வகைப் பாறை, பூமிக்கடியில் மெல்ல ஆறிப் பெரிய மணிகளாக இறுகியது. கடற்கரைக் கோயில் அந்தக் கல். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவர் கட்டியது. ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாக அதன்மேல் உப்புக்காற்று அடிக்கிறது. உப்பு நுண்துளைகளில் புகுந்து, காய்ந்து, படிகமாகி, கல்லை மணி மணியாக உதிர்க்கிறது. அங்கே மதில்மேல் படுத்திருக்கும் நந்திகளின் முகங்கள் கரைந்த சோப்புக்கட்டி போல ஆனது அப்படித்தான். நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது சொல்லையும் கொண்டுவந்தார்கள். இங்கே கண்ட கறுத்த கல்லுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் மொரீசியஸ் கல் பசால்ட். எரிமலைக் குழம்பு தரைமேல் ஓடி விரைவில் ஆறியது. மணி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடி. சில கற்களில் வாயு விட்டுப்போன துளைகள் ஆப்பத்தின் முகம் போல இருக்கும். இதிலுள்ள இரும்பு துருப்பிடிப்பதால் மேல்தோல் பழுப்பாகும். உடைத்துப் பார்த்தால் உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம்.

இந்தக் கல் அவ்வளவு எளிதில் மழுங்காது. அதே ஆலைச் சுவரில் கையை வைத்துப் பார். கொத்தியவனின் உளித்தடம் இன்றும் விரலில் தட்டுப்படும். முதலில் போவது காரை. பவளத்தைக் காளவாயில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு அது. மழைநீர் அதைக் கரைத்துக் கொண்டுபோக, மூட்டுகள் உள்வாங்குகின்றன. கரைந்த சுண்ணாம்பு கீழ்க்கல்லின் முகத்தில் வழிந்து வெள்ளைக் கோடாக இறுகுகிறது. உன் படத்தில் எல்லாம் தலைகீழ். கற்கள் ரொட்டி போல உருண்டிருக்கின்றன, காரை நேற்றுப் பூசியது போல இருக்கிறது. விளிம்புகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் பாயின்டினஸை எடுத்து எல்லா விளிம்பையும் ஒரே அளவில் தேய்த்திருக்கிறாய். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கே தேய வேண்டும் என்று காட்டும் அதே மாஸ்க்கைத் திருப்பி மூட்டுகளுக்குக் கொடு.

8கே வேண்டாம். பணத்தை வைத்துக்கொள். டிஸ்பிளேஸ்மென்ட் எண்ணைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை.

பாசிக்கு மட்டும் இரண்டு வார்த்தை. வடக்கு முகத்தில் ஏன் போட்டாய்? ஏதோ ஐரோப்பியப் பயிற்சிக் காணொளியில் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு வடக்குதான் நிழல். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். ஜூன் மாத நண்பகலில் நம் சூரியன் வடக்கு வானத்தில், பாதி உயரத்தில் நிற்கும். வடக்குச் சுவர் காய்கிறது, தெற்குச் சுவர் ஈரமாகவே கிடக்கிறது. போதாததற்கு ஆண்டு முழுவதும் தென்கிழக்குக் காற்று மழையை அந்தப் பக்கமே கொண்டுவந்து அறைகிறது. பிளெண்டரில் சூரியன் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக் காட்டும் சன் பொசிஷன் என்ற ஆட்-ஆன் (துணைக்கருவி) இருக்கிறது. அதில் நம் அட்சரேகையைப் போட்டு நிழல் எங்கே நாள் முழுக்கத் தங்குகிறது என்று பார், பாசியை அங்கே வளர்த்துக்கொள். மேலும், பாசி என்பது நிறம் அல்ல, தடிமன். அது மூட்டில் தொடங்கி, நீர் வடியும் வழியில் இறங்கும். காய்ந்த முகத்துக்குப் பாசியை விடக் கல்பாசிதான் பொருந்தும். வெள்ளையும் சாம்பலுமாக, காசு காசாக, கல்லோடு ஒட்டிப் படர்ந்திருக்கும்.

இனி உண்மையான குறைக்கு வருகிறேன். நீ அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

உன் சுவருக்குக் கீழே கற்கள் குவிந்து கிடக்கின்றன. சுவரில் இல்லாத ஒவ்வொரு கல்லும் தரையில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், தம்பி. அந்தத் துண்டுகளை எடுத்து அடுக்கினால் உன் ஆலை ஒரு கல் குறையாமல் மறுபடி எழுந்துவிடும். செல் ஃபிராக்சர் அப்படித்தான் செய்யும். கல்லின் நடுவே கண்டபடி கீறி உடைக்கும், உடைந்ததை அங்கேயே போடும். நேரில் போய்ப் பார்த்தாயே, அந்தச் சுவருக்கடியில் என்ன கிடக்கிறது? கைப்பிடி அளவுச் சல்லியும் சுண்ணாம்புப் பொடியும் கொஞ்சம் ஓட்டுச் சில்லும். கொத்திய கல் ஒன்றாவது கிடக்கிறதா? மூலைக்கல் ஒன்றாவது? அவை எங்கே போயின என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தாயா?

ஆட்கள் எடுத்துப்போனார்கள்.

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் படம் செய்கிறவர்கள் காதில் வாங்குவதில்லை. காலம் இடித்தது, காலம் தின்றது என்றே எழுதுகிறார்கள், வரைகிறார்கள். காலம் கூரையை இறக்கும், மரச்சட்டத்தை உளுக்கவைக்கும். சதுரமாகக் கொத்திய ஒரு பசால்ட் கல்லை இரண்டு மைல் தூக்கிக்கொண்டு போகக் காலத்தால் முடியாது. அதற்கு இரண்டு ஆளும் ஒரு மாட்டுவண்டியும் வேண்டும். எடுக்கிறவன் கண்டதை எடுப்பதில்லை. முதலில் மூலைக்கல், ஏனென்றால் இரண்டு முகம் கொத்தியிருக்கும். பிறகு வாசல்படி, ஜன்னலின் அடிக்கல். பிறகு கை எட்டும் உயரத்திலுள்ள முகக்கல். சுவரின் வயிற்றில் போட்ட சல்லி யாருக்கும் வேண்டாம், அது அங்கேயே கிடக்கும். அதனால்தான் நம் இடிபாடுகளின் சுவர் முனைகள் கடித்த கரும்பு போலப் பிய்ந்து நிற்கின்றன. புகைபோக்கி ஏன் தப்பியது தெரியுமா? மேலே ஏறி உச்சியிலிருந்து கல் இறக்க யாரும் துணியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தீவில் 250க்கும் மேற்பட்ட ஆலைகள் ஓடின. இன்று விரல்விட்டு எண்ணலாம். மற்ற ஆலைகளின் கல்லெல்லாம் எங்கே? நீ நடந்துபோகும் பாலத்திலும் வேலிச்சுவரிலும் கோயில் படியிலும் பார்.

கொள்ளை என்று நினைக்காதே. இந்த மண்ணில் கல்லைத் தூக்கியதே நம் ஆட்கள்தான். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நான்கரை லட்சம் பேருக்கு மேல். கரும்பு நடுவதற்கு நிலத்திலிருந்து கல்லைப் பொறுக்கியது அவர்கள் கையும், அவர்களுக்கு முன்னால் இருந்த அடிமைகளின் கையும். கொல்லை நடுவே பார்க்கிற கற்குவியல்களைச் சுற்றுலாக்காரர்கள் பிரமிடு என்று படம் பிடிக்கிறார்கள். அது ஒவ்வொன்றும் யாருடைய முதுகிலோ ஏறி இறங்கியது. ஆலைக்கல்லை அந்தப் பேரப்பிள்ளைகள் எடுத்து வீட்டுக்கு அடித்தளம் போட்டால், அது அவர்களுக்குச் சேர வேண்டியதுதான் என்பது என் முடிவு.

என் தாத்தாவும் எடுத்தார். 1960 ஜனவரியில் அலிக்ஸ் புயல், பிப்ரவரியில் கரோல். கரோலில் தாத்தாவின் தகர வீடு பறந்துவிட்டது. பாட்டி குழந்தைகளோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவும் அவருடைய மைத்துனரும் இரவல் வண்டி கட்டிக்கொண்டு ஆலைக்குப் போனார்கள். கடப்பாரையை மூட்டில் விட்டு நெம்பினால் கல் பல் போலக் கழன்று வரும் என்பார். கல் உடையவே உடையாது. நீ உடைத்த விதம் எனக்கு ஏன் வலித்தது என்று இப்போது உனக்குப் புரியும்.

எங்கள் வீட்டு வாசல்படி அப்படி வந்த கல். ஆலை ஜன்னலின் அடிக்கல் அது. நீளம் என் சிறுவயதுக் கையால் ஏழு சாண். மேல்முகத்தில் இரும்புக் கம்பி நிறுத்திய மூன்று சதுரக் குழிகள். கம்பி போய்விட்டாலும் குழியைச் சுற்றித் துருவின் செந்நிறம் கல்லில் ஊறி, முன்விளிம்பு வரை நாக்குப் போல இறங்கியிருக்கும். மழை பெய்தால் மூன்று குழியிலும் நீர் நிற்கும், சிட்டுக்குருவி வந்து குடிக்கும். நடுக்குழியில் பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் ஏற்றினார். அதனால் அது மட்டும் கரி படிந்து மைபோல இருக்கும். வலது ஓரம் மட்டும் வழுவழுப்பாக இருக்கும், தாத்தா அரிவாள் தீட்டிய இடம். ஒரே கல்லில் மூன்று விதமான தேய்மானம், தம்பி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் காரணம். எந்த மாஸ்க் அதைத் தானாகப் போட்டுக்கொடுக்கும்?

போன மாதம் அந்த வீட்டை இடித்தார்கள். அண்ணன் காங்கிரீட்டில் மாடி கட்டுகிறார், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒப்பந்தக்காரர் அந்தப் படியை மற்றதோடு சேர்த்துக் கல் நொறுக்கும் இயந்திரத்துக்கு அனுப்பப் பார்த்தார். லாரியில் ஏற்றியாகிவிட்டது. நான் லாரிக்கு முன்னால் நின்றேன். ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒரு கல்லுக்காகத் தெருவில் கத்துகிறாள் என்று அக்கம்பக்கத்தார் எட்டிப்பார்த்தார்கள். பார்க்கட்டும். நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள். இப்போது அது என் வீட்டு வராந்தாவில் இருக்கிறது.

உன் படத்தில் கைவைக்கும்முன் மறுபடி அந்த ஆலைக்குப் போ. கேமரா வேண்டாம், நோட்டும் பென்சிலும் போதும். சுவரில் எந்த வரிசையில் எந்தக் கல் இல்லை என்று குறித்துக்கொள். ஊர்ப் பெரியவர்களிடம் கேள், வேலிகளைப் பார், கோயில் குளத்துப் படியை அளந்து பார். பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடுவாய். தரையில் கிடக்கும் உன் கற்களை அழித்துவிடு. சல்லி மட்டும் இருக்கட்டும்.

மிச்சமிருக்கும் அந்தச் சுவரில் இடப்பக்கமிருந்து இரண்டாவது ஜன்னலை மட்டும் நான் சொல்கிறபடி செய். அதன் அடியில் ஒரு வரிசைக் கல் உயரத்துக்கு, ஏழு சாண் நீளத்துக்கு, வெற்றிடம் விடு. உள்ளே சல்லியும் பழைய காரையும் தெரியட்டும், பெரணி ஒன்று முளைத்திருக்கட்டும். அந்தக் கல்லின் அளவை முழுதாக எடுத்து, படங்களோடு அடுத்த வாரம் அனுப்புகிறேன். நேரில் வந்து அளப்பதானால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
அக்கா