மார்கழி மழையிலும் வேர்க்கும் அம்மா

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு 51 வயது. மாதவிடாய் நின்று ஒரு வருடமாகிறது. மார்கழி மழை கொட்டும் இரவிலும் திடீரென்று எழுந்து, வேர்த்து ஒழுக, வாசற்படியில் போய் அமர்கிறார். சற்று நேரத்தில் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்கிறார். அப்பா மனப்பிரமை என்கிறார். திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளின் நீரையும் வார்த்தால் உடற்சூடு இறங்கும் என்கிறார் பெரியம்மா. யார் சொல்வது சரி?

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

மனப்பிரமை அல்ல. இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். என் அம்மாவுக்கு வந்தபோது கச்சான் காற்றின் வெக்கை என்று சொல்லிவிட்டு நாங்கள் உறங்கிப்போனோம். அவர் தனியாக விழித்திருந்த அந்த இரவுகள் இன்றும் என்னை வருத்துகின்றன.

மூளையின் அடியில், ஹைப்போதலாமஸில், ஒரு சிறு கூட்டம் நரம்புக்கலங்கள் உள்ளன. அவை கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்பின் என்னும் மூன்று நியூரோபெப்டைடுகளைச் சுரக்கின்றன. நரம்புக்கலங்கள் தமக்குள் செய்தி அனுப்பும் சிறு புரதத் துணுக்குகள் இவை. சூலகத்திலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் இத்தனை காலமும் அக்கலங்களை அடக்கி வைத்திருந்தது. அது வற்றியதும் அவை பருத்து, நியூரோகைனின் பியை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கின்றன. அந்தச் செய்தி உடல்வெப்பத்தைக் காக்கும் பகுதிக்குப் போகிறது. முன்பு பொருட்படுத்தாத இம்மியளவு வெப்ப உயர்வையும் மூளை இப்போது பெருஞ்சூடாக எடுத்துக்கொள்கிறது. தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன, வேர்வை பெருகுகிறது. வெப்பம் வெளியேறியபின் வருவதுதான் அந்தக் குளிர்.

மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் இக்கலங்கள் பருத்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர் நயோமி ரான்ஸ் 1990இலேயே காட்டிவிட்டார். நியூரோகைனின் பியின் செய்தியை வாங்கும் ஏற்பியைத் தடுக்கும் பெசோலினெட்டன்ட் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2023இல். 33 ஆண்டுகள்! பெண்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று உலகமே நினைத்திருந்ததோ என்று கோபம் வருகிறது. அந்த மாத்திரைக்கு ஈரல் பரிசோதனை கட்டாயம். ஹோர்மோன் சிகிச்சையும் பலருக்குப் பலன் தருகிறது, ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. எதுவானாலும் மருத்துவர் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். தைராய்டையும் ஒருமுறை சோதியுங்கள், அதுவும் இப்படி வேர்க்க வைக்கும்.

பெரியம்மாவின் அன்பு பெரிது. ஆனாலும் வெந்நீர் உள்வெப்பத்தைச் சற்றே உயர்த்தும், இந்த வெப்ப அலை கிளம்ப அதுவே போதும். கன்னியாவுக்கு அம்மா ஆசைப்பட்டால் கூட்டிப்போங்கள். ஏழில் சூடு குறைந்த கிணற்றில் இரண்டு வாளி போதும்.